போனக்காட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை ரோல்: தேர்வு முதல் கழுவுவது வரை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறினால் சுமார் 60 கிலோமீட்டரில் போனக்காடு. அகத்தியர்கூடத்தின் அடிவாரம். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குக் கேரள வனத்துறையின் அனுமதியோடு நடப்பவர்கள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய தேயிலைத் தோட்டம், ஓட்டம் நின்று துருப்பிடித்த தொழிற்சாலை, தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் வாழும் லயங்கள், இவற்றைச் சுற்றிலும் அடர்ந்த காடு. ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அருகில் இல்லை. ஒரே பகலில், ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று எதிரான ஒளிகளை இங்கே பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். எந்த ஃபிலிம் வாங்குவது? அதை எப்படிக் கழுவுவது? இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. எந்த ஒளியில் எடுக்கப் போகிறோம், எந்தச் சூட்டில் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால், ஃபிலிமும் கழுவும் முறையும் சேர்ந்தே முடிவாகிவிடும்.

ஃபிலிமுக்குள் நடப்பது

மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள். ஷட்டர் திறக்கும் நொடியில் ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் உண்டாகிறது. டெவலப்பர் அந்தப் படிகங்களை மட்டும் தேடிக் கறுத்த உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்று ஸ்டுடியோக்களில் சொல்லும் ஃபிக்ஸர் கரைத்து வெளியேற்றுகிறது. மிஞ்சுவதுதான் நெகட்டிவ். வானம் கறுப்பாகவும் நிழல் கண்ணாடிபோலத் தெளிவாகவும் தெரியும்.

இதில் நினைவில் நிறுத்த வேண்டிய விதி ஒன்று உண்டு. நிழல் பகுதியில் விவரம் பதிவதும் பதியாததும் படம் எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. அங்கே ஒளி விழவில்லை என்றால் எவ்வளவு நேரம் கழுவினாலும் ஒன்றும் வராது. வெளிச்சப் பகுதியோ கழுவும் நேரம் கூடக் கூடக் கறுத்துக்கொண்டே போகும். ஆகவே நிழலைப் பார்த்து ஒளியளவைக் குறிக்க வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த 'ஸோன்' முறைக்கு இதுவே அடித்தளம்.

போனக்காட்டின் மூன்று ஒளிகள்

முதலாவது, பனிமூட்டம். தேயிலைச் சரிவில் மேகம் இறங்கிவிட்டால் நிழலே இருக்காது. மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. சாதாரணமாகக் கழுவினால் படம் முழுதும் ஒரே சாம்பலாக வரும்.

இரண்டாவது, காட்டுக்குள் இருக்கும் ஒளி. மேலே இலைக்கூரை மூடியிருப்பதால் தரை இருட்டு. இடைவெளியில் விழும் வெயிலோ கண்ணைக் கூசவைக்கும். மூன்றாவது, பழைய தேயிலைத் தொழிற்சாலை போன்ற கட்டடத்தின் உள்ளே இருக்கும் ஒளி. இருண்ட கூடம், துருப்பிடித்த இயந்திரங்கள், உடைந்த ஜன்னல்களில் வெள்ளை வானம். பின்னிரண்டிலும் வேறுபாடு மிக அதிகம். சாதாரணமாகக் கழுவினால் ஜன்னலும் வெயிலும் விவரமே இல்லாமல் வெளுத்துப் போகும்.

36 படங்கள் கொண்ட ஒரு ரோல் முழுவதையும் ஒரே நேரத்துக்குத்தான் கழுவ முடியும். அதனால் பனிக்கு ஒரு ரோல், காட்டுக்கும் கட்டடத்துக்கும் ஒரு ரோல் என்று பிரித்துக்கொள்வது நல்லது. எடுத்து முடித்ததும் ரோலின்மேலேயே 'பனி', 'நிழல்' என்று எழுதிவிட வேண்டும். கழுவும்போது அந்த ஒரு சொல்தான் நேரத்தைத் தீர்மானிக்கும்.

எந்த ஃபிலிம்?

ஃபிலிம் டப்பாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. எண், அது ஒளியை எவ்வளவு விரைவாகப் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. எண் இரட்டித்தால் பாதி ஒளியே போதும். ஆனால் படிகங்கள் பெரிதாவதால் படத்தில் மணல்போன்ற துகள் கூடும்.

போனக்காட்டுக்கு முதல் ரோலாக 400 எண் ஃபிலிமையே சொல்வேன். இங்கிலாந்தின் இல்ஃபோர்டு தயாரிக்கும் எச்பி5 பிளஸ், அமெரிக்காவின் கோடாக் தயாரிக்கும் டிரை-எக்ஸ் 400 இரண்டும் பழமையான, பிழை பொறுக்கும் ஃபிலிம்கள். டிரை-எக்ஸ் 35 மி.மீ. அளவில் 1954இல் வந்தது. ஒளியளவு ஒரு படி, அதாவது இரு மடங்காக, கூடிப்போனாலும் இவை படத்தைக் காப்பாற்றிவிடும். இலைக்கூரையின் கீழ் 400 எண்ணிலேயே எஃப் 2.8, 1/60 நொடி என்ற அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். அங்கே 100 எண் ஃபிலிமைக் கையில் பிடித்து எடுத்தால் படம் ஆடிவிடும்.

முக்காலி கொண்டுபோகிறவர்கள் எஃப்பி4 பிளஸ் போன்ற 125 எண் ஃபிலிமைத் தேர்ந்தெடுக்கலாம். பாறையின் பாசி, மரப்பட்டையின் வரி, லயத்துச் சுவரின் காரை எல்லாம் துகள் தெரியாமல் வரும். கோடாக்கின் டி-மேக்ஸ், இல்ஃபோர்டின் டெல்டா ஆகியவை தட்டையான படிகம் கொண்ட புதுவகை. துகள் குறைவு, ஆனால் ஒளியளவிலும் கழுவும் நேரத்திலும் சிறு பிழையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். கைபழகிய பிறகு அவற்றுக்குப் போகலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குச் செக் நாட்டின் ஃபோமாபான், இல்ஃபோர்டு குழுமத்தின் கென்ட்மியர் இருக்கின்றன. எதை எடுத்தாலும் அதிலேயே பல ரோல்கள் எடுத்துப் பழக வேண்டும். ரோலுக்கு ரோல் ஃபிலிமை மாற்றினால் பிழை எங்கே நடந்தது என்பது பிடிபடாது.

இந்தப் பெயர்கள் எல்லாமே வெளிநாட்டுப் பெயர்களாக இருப்பது நம் விதியாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இலிருந்து 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. ஃபிலிம் பூசும் ஆலைக்குத் தூசியற்ற, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் நீலகிரி பொருத்தமான இடமாக இருந்தது. வண்ண ஃபிலிமும் பின்பு டிஜிட்டலும் வந்தபோது ஆலை நொடித்து, இறுதியில் மூடப்பட்டது. அதன் ஃபிலிமில் தொழில் கற்ற ஸ்டுடியோக்காரர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கழுவக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் அப்படி ஒருவரைத் தேடிப் போய் ஒரு மாலை உட்கார்ந்து கேட்பது, எந்தப் புத்தகத்தையும்விடப் பயன் தரும்.

காட்டைக் கறுப்பு வெள்ளையில் எப்படிப் பார்க்கலாம் என்பதற்கும் நமக்கு ஒரு முன்னோடி உண்டு: மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்து அமைத்த, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்ட கருவியோடு தென்னிந்தியக் காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வண்ணம் இல்லாத காட்டில் கண்ணுக்கு எஞ்சுவது உருவமும் ஒளியும் மேற்பரப்பின் தன்மையும்தான் என்பதை அவர் படங்களில் பார்க்கலாம்.

ஒளியளவைக் குறிப்பது

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால், இது வெளிச்சம் அதிகம் என்று ஒளியைக் குறைத்துவிடும். பனியில் மீட்டர் சொல்வதைவிட ஒரு படி கூடுதலாகக் கொடுங்கள். மீட்டர் 1/250 என்றால் 1/125 வையுங்கள்.

காட்டிலும் கட்டடத்திலும் ஜன்னலையும் வானத்தையும் தவிர்த்து, விவரம் வேண்டிய இருண்ட இடத்தை மட்டும் மீட்டரில் பாருங்கள். அது சொல்வதிலிருந்து இரண்டு படி குறைத்து எடுத்தால், நிழல் நிழலாகவே இருக்கும், விவரமும் தங்கும்.

கேமராவை முக்காலியில் வைத்து அருவியை நீண்ட நேரம் எடுக்கும்போது இன்னொரு விஷயம் உண்டு. ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிமின் உணர்திறன் குறையத் தொடங்கும். எச்பி5 பிளஸில் மீட்டர் 10 நொடி சொன்னால் சுமார் 20 நொடி கொடுக்க வேண்டும்.

கண்ணாடி வடிகட்டிகளில் மஞ்சளும் பச்சையும் போதும். மஞ்சள் நீல வானத்தைச் சற்று இருட்டாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும். பச்சை இலைகளை வெளிச்சமாக்கும், தேயிலைத் தளிரும் முற்றிய இலையும் தனித்தனியாகத் தெரியும். தூரத்து மலையின் நீலப் புகையை மஞ்சளும் ஆரஞ்சும் குறைக்கும். ஆனால் வெள்ளைப் பனியை எந்த வடிகட்டியும் குறைக்காது. பனியின் நீர்த்துளிகள் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் சிதறடிப்பதே காரணம்.

ரோலைச் சுருளில் ஏற்றுவது

கழுவுவதற்கு இருட்டறை தேவையில்லை. ஒளி புகாத மூடியுள்ள தொட்டியும் அதற்குள் ஃபிலிமைச் சுற்றும் சுருளும் போதும். சுருளில் ஏற்றி மூடும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும்.

இதற்குக் கையை நுழைக்கும் கறுப்புப் பை கிடைக்கிறது. ஆனால் திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் பைக்குள் கை வியர்த்து, அந்த ஈரத்தில் ஃபிலிம் பிளாஸ்டிக் சுருளில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இரவில் ஜன்னலை மூடிய அறையே மேல். சுருள் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். ஃபிலிமின் முன்முனை மூலைகளைக் கத்தரியால் சற்று வட்டமாக வெட்டிக்கொண்டால் வழுக்கி ஏறும். பழைய ஃபிலிம் ஒன்றை வைத்து முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகிக்கொள்ளுங்கள்.

டெவலப்பரும் தண்ணீரின் சூடும்

தொடங்குகிறவர்களுக்கு டி-76 அல்லது அதற்கு இணையான ஐடி-11. கோடாக் 1927இல் கொண்டுவந்த டி-76இன் பொருள்கள் நான்கே: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கடைப் பொட்டலத்தைச் சுமார் 50 டிகிரி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, வாய்வரை நிறைந்த பாட்டிலில் மூடிவைத்தால் ஆறு மாதம் தாங்கும்.

பொட்டலத்தோடு வரும் அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டவை. நம் குழாயில் வருவதோ பெரும்பாலும் 27, 28 டிகிரி. தேயிலைச் சாயம் சூடான நீரில் வேகமாக இறங்குவதுபோல, சூடு கூடினால் டெவலப்பரின் வேலையும் விரைவாகிறது. தோராயமாக ஒரு டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம் குறைய வேண்டும். எச்பி5 பிளஸுக்குக் கலப்பில்லாத ஐடி-11இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது சுமார் 5 நிமிடமாகிவிடும். 5 நிமிடத்துக்கும் கீழே போனால் படத்தில் திட்டுத்திட்டாக வேறுபாடு தெரியத் தொடங்கும். மேலும் சூடான நீரில் ஜெலட்டின் ஊறி மென்மையாகி எளிதில் கீறிவிடும்.

இதற்கு நம் ஊருக்கு ஏற்ற வழி, டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலப்பது. அப்படிக் கலந்த ஐடி-11இல் எச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். நிதானமாக வேலை பார்க்கலாம். சூட்டைக் குறைப்பதும் இதில் எளிது. 28 டிகிரியில் இருக்கும் டெவலப்பர் 150 மி.லி., குளிர்ப்பெட்டி நீரைச் சேர்த்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்த தண்ணீர் 150 மி.லி., இரண்டையும் கலந்தால் 24 டிகிரியில் 300 மி.லி. கிடைக்கும். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு அது போதும். அதே சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, தொட்டியையும் மற்றக் கரைசல்களையும் அதில் நிறுத்துங்கள். ஒரு டிகிரி கூடக் குறைய அளக்கும் மலிவு வெப்பமானியைவிடச் சரியாக அளக்கும் ஒன்றுக்குச் செலவு செய்வது நல்லது.

டெவலப்பரை ஊற்றியதும் முதல் 10 நொடியில் தொட்டியை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். தொட்டியின் அடியை ஒருமுறை மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்கள் விலகும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல் நான்கு முறை. எல்லா ரோலுக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

இப்போது ரோலில் எழுதிய சொல்லைப் பாருங்கள். 'பனி' என்றால் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். 9 நிமிடம் பத்தரை ஆகும், சாம்பல் விரிந்து வெள்ளையும் கறுப்பும் பிரியும். 'நிழல்' என்றால் 15 சதவீதம் குறையுங்கள். ஏழரை நிமிடத்தில் நிறுத்தினால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரமும் படத்தில் வரும். மாலை மங்கி 400 போதாமல் முழு ரோலையும் 1600 என்று வைத்து எடுத்திருந்தால், கலப்பில்லாத ஐடி-11இல் 20 டிகிரியில் 14 நிமிடம். வேறுபாடும் துகளும் கூடும், ஆழ்ந்த நிழல் போய்விடும்.

நிறுத்தல், ஹைப்போ, அலசல்

டெவலப்பரைக் கொட்டியதும் நீர்த்த அசிட்டிக் அமிலக் கரைசலை அரை நிமிடம் ஊற்றினால் டெவலப்பரின் வேலை உடனே நிற்கும். அடுத்து ஃபிக்ஸர். அம்மோனியம் தயோசல்ஃபேட் கலந்த வேக ஃபிக்ஸர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீரில் 2 முதல் 5 நிமிடம். சாதாரண ஹைப்போ என்றால் 10 நிமிடம் வரை. எவ்வளவு நேரம் என்பதை ஃபிலிமே சொல்லும். வெட்டி எறிந்த முன்முனைத் துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால்வெள்ளை மறைந்து தெளிய எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தால் போதும். டெல்டாவுக்கும் டி-மேக்ஸுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டாம். தொட்டியில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் இந்த முறையில் மூன்று தொட்டித் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். கடைசியாக வாலை நீரில் ஒரு முக்கு. குழாய்நீரின் உப்புக்கறை படியாது.

ஈரக்காற்றில் காப்பது

வாங்கிய ஃபிலிமைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பயன்படுத்தும் நாளுக்குச் சில மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் ஃபிலிமில் நீர் படியும். எடுத்து முடித்த ரோலை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். பதிந்த ஒளி மெல்ல மங்கும், ஈரமும் சூடும் அதை விரைவாக்கும்.

கழுவிய ஃபிலிமைத் தூசியில்லாத குளியலறையில் தொங்கவிட்டு, அடியில் கிளிப் மாட்டி இரவு முழுதும் காயவிடுங்கள். ஜெலட்டின் விலங்குப் புரதம் என்பதால் பூஞ்சையும் கரப்பானும் அதைத் தின்னும். நன்றாக உலர்ந்த நெகட்டிவை உறையிலிட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வைப்பதே கேரளக் காற்றுக்கு ஏற்ற பாதுகாப்பு. லென்ஸுக்கும் அதே டப்பா நல்லது.

ஹைப்போவை எங்கே கொட்டுவது?

பயன்படுத்திய ஃபிக்ஸரில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. போனக்காட்டை ஒட்டிய மலைகளில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறை அணையை நிறைத்து, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்தின் குடிநீர் ஆகிறது. ஆகவே மலையில் தங்கும் இடத்தில் ரோலைக் கழுவும் எண்ணமே வேண்டாம். வீட்டிலும் தீர்ந்த ஃபிக்ஸரைக் கேனில் சேர்த்துவையுங்கள். எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் எஃகு நாரை அதில் சில நாள் ஊறவிட்டால் பெரும்பகுதி வெள்ளி நாரில் படிந்துவிடும்.

நெகட்டிவைப் படிப்பது

காய்ந்த நெகட்டிவை வெள்ளைத் தாளின்மேல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் ஓரத்தில் அச்சான எழுத்துகள். அவை திடமாக இருந்தால் கழுவியது சரி, மங்கலாக இருந்தால் கழுவியது போதவில்லை. அடுத்து நிழல் பகுதி. அங்கே வெறும் தெளிவு மட்டும் இருந்தால் எடுக்கும்போது ஒளி போதவில்லை. அடுத்த முறை ஒரு படி கூட்டுங்கள். கடைசியாக வெளிச்சப் பகுதி. அதன் கறுப்புக்குப் பின்னே செய்தித்தாளின் எழுத்து தெரியவே இல்லை என்றால் நேரம் கூடிவிட்டது. அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள்.

ஒரு குறிப்பேட்டில் ஃபிலிம், ஒளி, தண்ணீரின் சூடு, நேரம் இந்த நான்கையும் ஒவ்வொரு ரோலுக்கும் எழுதிவாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்ஃபோர்டின் அட்டவணையும் கோடாக்கின் அட்டவணையும் எங்கோ ஒரு குளிர்ந்த ஆய்வகத்தில் எழுதப்பட்ட தொடக்கப் புள்ளிகள். போனக்காட்டுப் பனிக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்குமான அட்டவணையை நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்குச் சில ரோல்களும் பொறுமையும் போதும்.